காலண்டரில் பதிந்த பெருவிரல்

விஸ்வநத்தம் போகும் வழியில், கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்துச் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதித்த பசை வாடை வந்ததும், முன்பு அங்கே இருந்த எங்கள் தகரக் கூரை ஆலயம் மறுபடி கண்முன் எழுந்து நின்றது.

நிலம் நீச்சு இல்லாத எங்கள் சபையில், விளைச்சலைப் படைக்கும் அறுப்புப் பண்டிகைக்கு அவரவர் கைவேலையையே காணிக்கையாக வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மா தான் ஒட்டிய தீப்பெட்டிக் கட்டுகளை வைத்தாள். அச்சகத்தில் வேலை பார்ப்பவரின் மகள் மெர்சி, மை மணம் போகாத ஆட்டுக்குட்டிப் படக் காலண்டரை வைத்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிறுபிள்ளையான எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா வைத்த கட்டுகளில் காயாதிருந்த பசையில் பெருவிரலைத் தேய்த்து, ஆட்டுக்குட்டியின் முகத்தில் அழுத்திவிட்டேன்.

கறைபட்ட காலண்டரை ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. மெர்சி அழத் தொடங்கினாள்.

"ஏங் கைப் பசதான் பட்டுருச்சுங்கய்யா, நானே எடுத்துக்கிடுறேன்" என்றாள் அம்மா.

நான் ஆசைப்பட்டது இப்படி எங்கள் வீட்டுச் சுவருக்கே வந்தது. தினமும் அதன் கீழே முழங்காலிட்டு, "நீர் குடுத்தது எங்களுக்குப் போதும் ஆண்டவரே" என்று அம்மா ஜெபிக்கையில், ஆமென் சொல்ல எனக்கு நா எழாது. மெர்சியின் எதைப் பார்த்தும் வயிறு எரியாத ஒரு நாள், மனசோடு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோதுதான் அந்தத் தடத்தைச் சரியாகப் பார்த்தேன். அம்மாவின் விரலில் அது பாதிகூட இல்லை. ஏலத்தில் நின்ற அத்தனை பேரும், மெர்சியும், அதைப் பார்த்துக்கொண்டேதான் அம்மா சொன்னதை நம்பியதுபோல் இருந்திருக்கிறார்கள்.