குழிக்குத் தைத்த பாலிதீன்

பனியன் கம்பெனி வாசலில், துணி ரோல் சுற்றி வந்த பாலிதீன் உறைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் கறவை மாடுகளுக்குக் கோடையில் தீவனம் கிடைப்பதில்லை. பச்சை மக்காச்சோளத் தட்டை நறுக்கிக் குழியில் மிதித்து, காற்றுப் புகாமல் மூடினால் மாதக்கணக்கில் கெடாது என்று படித்திருந்தேன். மூடப் பெரிய தாள்தான் இல்லை.

அந்தக் கம்பெனியில் டெய்லரான அக்கா, உறைகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்தாள். "குழிக்கே பனியன் தைச்சது நாமதான்டா" என்று சிரித்தாள். மக்காச்சோளக் காட்டில் நின்ற பயிர் மொத்தத்தையும் அறுத்துக் குழியில் போட்டு, அந்தத் தாளால் மூடினோம்.

பங்குனியில் திறந்தால் பூஞ்சை நாற்றம். தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். தையல் போன வழியெல்லாம் ஊசி ஓட்டைகள். அவ்வளவிலும் காற்றும் மழையும் இறங்கியிருந்தன. கை எட்டும்வரை தோண்டினேன். அடியிலும் கறுப்புதான். பின்னால் சினை மாடு பசியில் கத்திக்கொண்டே இருந்தது.

"ஏனுங்கப்பா, கொஞ்சமாச்சும் தேறுங்களா?"

"இதைத் தின்னா கன்னு கலைஞ்சிரும் கண்ணு. ரெண்டு மாட்டை வித்தாத்தான் மத்ததுக்குச் சோளத்தட்டு வாங்கலாம்."

அப்பா திட்டவேயில்லை. அறுத்த பயிரை மறுபடி நிறுத்தி வைக்க முடியுமா? மாட்டு வியாபாரி வந்து இரண்டு மாடுகளின் கயிற்றை அவிழ்த்தபோது சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்ட அவசரம்தான் இன்னும் உறுத்துகிறது. ஆடியில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் மக்காச்சோளம் விதைக்கப்போகிறேன். இந்த முறை தையலில்லாத சின்னச் சின்னப் பைகளில் அடைப்போம். ஒன்று கெட்டாலும் மீதியை மாடுகள் தின்னும்.