பயற்றங்கொட்டை முளைக்கும் வரை

புல்லை வெட்ட ஆரம்பித்த கால் மணி நேரத்தில் அந்தோனியம்மாள் கையை நிறுத்திவிட்டாள். வேலியோரம் படர்ந்திருந்த தொட்டாற்சுருங்கி முறுக்கிக்கொண்டு காய்ந்து கிடந்தது. வெயிலில் காய்ந்த செடி அப்படி இருக்காது. தண்டைத் துணி பிழிவதுபோல் பிழிந்துவிட்டிருந்தது ஏதோ ஒன்று. சுற்றியிருந்த புல் மட்டும் பச்சையாகவே நின்றது. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லிங்கிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பதினாறு வருஷம் மருந்தடிக்கும் வேலை பார்த்தவள் அவள். களைக்கொல்லியை அங்கே எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். முதுகில் பம்பு, மூக்கில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. பிறகு கணவர் ஹரோல்டின் லோரி வேலைக்காகக் குடும்பம் கோலா சாவாவுக்கு மாறியது. தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஓர வீடு கிடைத்தது. பக்கத்தில் இருபதடிக்குப் புல்தரை. ஹரோல்ட் அதை மெஷினால் வெட்டி வெட்டிப் பாய்போல வைத்திருந்தார்.

இப்போது அந்தத் தரையில் ஒரு மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும் என்று கிளம்பியதற்குக் காரணம் மகள் ஏஞ்சலா. நாலு மாதக் கர்ப்பம். முன்பு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறை டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதும் மருமகன் கிளென் அவளை அம்பாங்கானிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தான். பாசார் சந்தையில் வாங்குகிற கீரையை எத்தனை முறை கழுவினாலும் அந்தோனியம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தாள். புல்லை ஒட்ட வெட்டி, மேலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி நனைத்து, சுற்றிலும் சிமெண்டுக் கல் அடுக்கி, கொல்லைக் குப்பைக்குழியில் மக்கிக் கிடக்கும் எருவைக் கொட்டி நிரப்புவதாக ஏற்பாடு.

சங்குல் மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போய், இங்கே யார் மருந்தடித்தது என்று ஹரோல்டிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். போன மாதம் ஏஞ்சலாவோடு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சுகுமாறன் தோட்டத்தில் மிஞ்சிய மருந்தைக் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தானாம். முள் காலில் குத்துகிறது என்று இவர்தான் கேட்டாராம்.

"அதுக்கப்புறம் புல்லு வெட்டுனீங்களா?"

"ரெண்டு நாள் கழிச்சு வெட்டுனேன்."

"வெட்டுன புல்லு எங்க?"

ஹரோல்ட் கொல்லைப் பக்கம் கை காட்டினார். குப்பைக்குழியில்தான் கொட்டியிருந்தார்.

அவள் சுகுமாறன் வீட்டுக்குப் போனாள். அவன் பேர் ஒட்டாத புட்டியில் ஊற்றி எடுத்துவந்தானாம். என்ன மருந்தென்று அவனுக்கே தெரியவில்லை. "ஒன்னும் ஆவாது லா அக்கா, மழை பேஞ்சு எல்லாம் போயிருக்கும்," என்று மட்டும் சொன்னான். திரும்பி வரும்போது ஏஞ்சலா செருப்பில்லாமல் புல்லில் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். வெறுங்காலில் நடந்தால் கால் வீக்கம் குறைகிறதாம். பூச்சி கடிக்கும் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அந்தோனியம்மாள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மகளிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. ஏஞ்சலாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை, ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ஏன் என்று அன்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடியும் பம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். மருந்தால்தான் என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. முப்பத்தாறு வருஷமாக அது அப்படியே உள்ளே கிடந்தது.

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த முனியாண்டி, மருந்தடித்த இடத்தில் எதையும் விதைப்பதற்கு முன் ஒரு பிடி பயற்றை ஊன்றிப் பார்ப்பார். இலை சுருண்டு வந்தால் அந்த மண்ணைத் தொட விடமாட்டார். அது நினைவுக்கு வந்ததும் மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களைத் தேடி எடுத்தாள். ஒன்றில் புல்தரை மண், ஒன்றில் குப்பைக்குழி எரு, ஒன்றில் மருந்தே படாத கோயில் மாமரத்தடி மண். ஒவ்வொன்றிலும் நாலு பயற்றங்கொட்டை ஊன்றி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கண் விழித்ததும் டப்பாக்களிடம் போவாள், பிறகு மகளின் முகத்தைப் பார்ப்பாள். ஏஞ்சலா வயிற்றில் கைவைத்தால்கூட வலிக்கிறதா என்று கேட்டாள். பாத்தி என்ன ஆனது என்று மகள் கேட்கும்போதெல்லாம் கல் வரவில்லை, மழை விடவில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தாள். ஹரோல்டுடன் பேச்சு குறைந்துபோனது. அவரும் தப்பு செய்த பிள்ளைபோல வீட்டுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மூன்றிலும் முளை வந்தது. பத்தாம் நாள் மாமரத்தடி மண்ணில் இலைகள் அகலமாக விரிந்தன. புல்தரை மண்ணிலும் அப்படித்தான். எரு டப்பாவில் மட்டும் புதிதாக வந்த இலைகள் கிண்ணம்போல் குவிந்து, நரம்பு முறுக்கி நின்றன. மண்ணில் விழுந்ததை மழை கழுவியிருந்தாலும், புல்லில் ஒட்டிய மருந்து எருவிலேயே தங்கிவிட்டதென்று குந்தி உட்கார்ந்து பார்த்தவளுக்குப் புரிந்தது.

ஏஞ்சலா பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"தினம் வந்து இதத்தான் பாக்குறீங்க. என்னம்மா இது?"

இனி மறைக்க முடியவில்லை. சுகுமாறன் அடித்த மருந்து, அப்பா கொட்டிய புல், எல்லாம் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. முப்பத்தாறு வருஷக் கதையும் வெளியே வந்தது.

ஏஞ்சலா மெல்ல அவளருகே உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டு தடவ போனப்ப, எம்மேலதான் ஏதோ குத்தம்னு நெனச்சேன். நீங்க இதச் சொல்லியிருந்தா, நான் தனியா இல்லைன்னாவது தெரிஞ்சிருக்கும்மா."

அந்தோனியம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கிளெனை வரவழைத்து கிளினிக்குக்குப் போனார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு சீராக இருப்பதாகச் சொன்னார். மாதக்கணக்கில் மருந்தோடு புழங்குவது வேறு, இது வேறு என்றார். ஆனாலும் அந்தப் புல்லில் நடக்க வேண்டாம் என்றார்.

ஹரோல்ட் மறுநாள் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு எருவையெல்லாம் சாக்கில் அள்ளிக் கட்டினார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அந்தோனியம்மாள் புல்தரை மண்ணில் இன்னொரு முறை பயறு ஊன்றிப் பார்த்தாள். அதுவும் நேராகவே வந்த பிறகுதான் அட்டையைப் பரப்ப விட்டாள். வேலியைவிட்டுத் தள்ளி, முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினார்கள். வாங்கிய மண்ணைக் கொட்டுவதற்கு முன் அதிலும் நாலு கொட்டை ஊன்றினாள். கிளென் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை.

ஏஞ்சலாவின் ஏழாம் மாதத்தில் முதல் கங்கோங் கீரை வெட்டினாள். வதக்கியதை முதலில் தான் ஒரு தட்டு சாப்பிட்டாள். மறுநாள் வரைக்கும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் ஏஞ்சலாவுக்குப் பரிமாறினாள். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று தட்டை நீட்டினாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு வாரம் முன்னதாக. குழந்தையின் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தோனியம்மாள் நர்ஸிடம் இன்னொரு முறை எண்ணிப் பார்க்கச் சொன்னாள்.