அடிக்கோடு இல்லாத பக்கம்

தம்பி எனக்குக் கைப்பேசி வாங்கித் தந்த அன்று ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தான்.

"அக்கா, எழுத்துக்கு அடியில கோடு இருந்தா அது லிங்க். தட்டினா வேற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். நான் அனுப்புறதுல கோடு இருந்தா தட்டு. கோடு இல்லாத எதையும் தொடாத லா. தொட்டா ஃபோனே உன் பேச்சைக் கேட்காது, பார்த்துக்க."

அவனுக்கு என்னைத் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி வருகிறவள் நான். இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கிள்ளான் பக்கம் மேருவில் கையுறைத் தொழிற்சாலை வேலை. தெரியாத பொத்தானை அழுத்தினால் ஏதோ வெடித்துவிடும் என்ற பயம் அங்கே வந்தது, பிறகு போகவே இல்லை. அதனால் தம்பி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவன் கடல் கடந்து பெர்த்துக்குக் குடிபோன பிறகும் அங்கிருந்து வீட்டுப் படம், கடற்கரைப் படம் என்று அனுப்புவான். நீலக் கோட்டைப் பார்த்தால் தட்டுவேன். பயமே இருக்காது.

போன வருடம் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான்.

என் பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகியிருந்தது. போக வழியில்லை. அவன் மகள் அழுதுகொண்டே பேசினாள். "அத்தை, ஃபியூனரல் பார்லர் லைவ் போடுவாங்க. லிங்க் அனுப்புறேன். நீங்க வீட்டுலேர்ந்தே பாருங்க."

பெர்த்துக்கும் எங்கள் ஊர் பண்டமாரானுக்கும் ஒரே நேரம்தான். காலையில் குளித்துவிட்டு, ஒரு கை அரிசியை வெள்ளைத் துணியில் எடுத்து வைத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தேன். அங்கே அவன் மகள் வாய்க்கரிசி போடும்போது, நானும் இங்கே திரையில் தெரியும் அவன் முகத்துக்கு முன்னால் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூடப் பிறந்தவள் அரிசி போடாமல் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தம்பி மகள் அனுப்பிய லிங்கில் கோடு இருந்தது. தட்டினேன். ஒரு பக்கம் திறந்தது. மேலே கோட்-சூட், டையோடு தம்பியின் படம். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். வர முடியாதவர்கள் இறுதிச் சடங்கைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. ஒரு எழுத்துக்கு அடியிலும் கோடு இல்லை. அப்படியானால் தட்ட ஒன்றும் இல்லை, இந்தப் பக்கத்திலேயே காட்டுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

படம் அசையும் என்று காத்திருந்தேன்.

அசையவில்லை. லோரி எடுத்துக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் போயிருந்த என் வீட்டுக்காரருக்கு ஃபோன் அடித்தேன்.

"படம் அப்படியே நிக்குதுங்க. ஒண்ணும் நடக்கல."

"நெட் ஸ்லோவா இருக்கும் லா. கண்ட இடத்துல தட்டிக் கெடுத்து வைக்காத. சும்மா உட்காரு, வரும்."

தம்பி மகளுக்கு அடித்தேன், ஃபோன் அணைந்திருந்தது. அப்பாவின் சடங்கில் நிற்கிற பிள்ளை எப்படி எடுப்பாள்? அரிசியைப் பிடித்தபடி அவன் டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வியர்த்துத் துணி நனைந்தது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். "பார்த்தீங்களா அத்தை? அப்பா முகம் எவ்ளோ அமைதியா இருந்துச்சு."

"இன்னும் ஆரம்பிக்கலையே மா."

அவள் மெல்லக் கேட்டாள். "சடங்கைப் பார்க்கலாம்னு இருக்குல்ல, அந்த வார்த்தையைத் தட்டலையா?"

"அதுல கோடு இல்லையே."

"அது வேற கலர்ல இருக்கும் அத்தை. நீலம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை முகத்தருகே வைத்துப் பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் கறுப்பு. அந்த இரண்டு வார்த்தை மட்டும் கறுப்பில் ஒரு சொட்டு நீலம் கலந்த மாதிரி. தட்டினேன். ஒளிபரப்பு முடிந்துவிட்டது என்று வந்தது.

இரண்டு மாதம் கழித்து அஸ்தியோடு வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருந்தவளைப் பார்க்கப் போனேன். அவள் வேலையே இணையப் பக்கம் வடிவமைப்பதுதான். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு கோடு போட்டா என்ன குறைஞ்சிடும்?"

"பக்கம் அசிங்கமா இருக்கும்னு சொல்வாங்க அத்தை. பத்து லிங்க் இருந்தா பத்துக் கோடு. படிக்கிறவங்களுக்கும் தடுக்கும். கலர் போதும்னு விட்டுடுவோம்."

"மேல வரிசையா இருக்கிற மெனுவுக்கு வேணாம், சரி. அது பார்த்தாலே தெரியுது. வாக்கியத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிறதுக்குக் கூடவா? உன் கண்ணுக்குத் தெரியிற நீலம் என் கண்ணுக்குத் தெரியலையே."

அவள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "நான் பண்ணின பக்கத்துலயும் கோடு கிடையாது அத்தை. யாரெல்லாம் இப்படி உட்கார்ந்திருந்தாங்களோ."

அவளை அழ வைக்கவா நான் வந்தேன்? "விடு மா, டீயைக் குடி" என்றேன். பிறகு அவள், ரெக்கார்டிங்கைக் கேட்டு வாங்கித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். எரித்து முடித்த பிறகு எந்த வாயில் அரிசி போடுவது?

இப்போது பக்கம் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோடு போடுங்கள். அழகு கொஞ்சம் குறையட்டும். யார் எதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அவளைப் பார்த்ததற்கு மறுநாள் கிள்ளான் துறைமுகத்தில் படகு எடுத்தோம். அவள் அஸ்தியைக் கரைத்தாள். அந்த அரிசியை உலையில் போட எனக்கு மனம் வராமல், அதே துணியில் முடிந்தே வைத்திருந்தேன். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை.

"மெதுவா அக்கா, அவசரமில்ல" என்றார் படகுக்காரர், எஞ்சினை நிறுத்திவிட்டு.

பல்லால் கடித்து அவிழ்த்தேன். அரிசி பழுப்பேறியிருந்தது. அவனைக் கரைத்த இடம் எது என்று தண்ணீரில் தெரியவில்லை. இங்கேதான் இருக்கும் என்று நினைத்து ஓரிடத்தில் போட்டேன்.