குளிர்ந்த என்ஜினும் பக்கத்து வீட்டுப் பாப்பாவும்

மலேசியாவில், மாசாய் நகரில் பதினைந்து வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்கி உறுமவிட்டால்தான் வண்டி சூடாகும் என்று நம்பினேன். ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் தினமும் விடியற்காலையில் அப்படியே மிதித்து உறுமவிட்டேன்.

ஒரே வருடத்தில் என்ஜினுக்குள் டிக் டிக் என்று சத்தம். பட்டறைக்காரர் சேகர் அதன் மூடியைக் கழற்றியபோது என்ஜினையே மாற்றச் சொல்வாரோ என்று பயந்தேன்.

“சூடாகாத என்ஜின்ல ஆயில் சரியா ஓடாதுண்ணே. அப்ப போட்டு மிதிச்சா உள்ள தேஞ்சிரும். நல்ல வேளை, லேசாத்தான் தேஞ்சிருக்கு. வால்வ சரி பண்ணா போதும் லா. இனிமே கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டிச் சூடாக்குங்க, அப்புறம் மிதிங்க.”

போன உயிர் திரும்பி வந்தது; பெருமூச்சு விட்டேன்.

மறுவாரம் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

“கார் கெட்டுப்போச்சாண்ணே? காலையில சத்தமே இல்ல. பாப்பா இப்பதான் நல்லா தூங்குது.”

“சரியாயிடுச்சும்மா.”

“அலமாக், அடக் கடவுளே!” அவள் முகம் வாடிப்போனது.

“இல்லம்மா, இனிமே அந்தச் சத்தம் வராது” என்றேன் அவசரமாக.

அவள் விட்ட பெருமூச்சு, பட்டறையில் நான் விட்டதைவிடப் பெரியது. அந்த ஒரு வருடமும் அவள் அந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.