பேர்கன்காரரின் கேக்கைக் கொள்ளையடித்த கதை

எல்லிங்ஸ்ருட் என்ற புறநகரில் எங்கள் மாடிக்குடியிருப்பின் பின்புறம் வரிசையாகக் கார்க் கொட்டகைகள் இருந்தன. பழுப்பு நிறப் பலகை அடித்தவை. எனக்கு ஒன்பது வயதானபோது அது ஒரு எல்லையோரப் பட்டணம். அந்தப் பட்டணத்தை நடுநடுங்க வைத்த கொள்ளைக்கூட்டத்தில் நானும் ஒருத்தி.

பட்டணத்தைக் கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிற வேலை. எங்களோடுதான் இருந்தார். குதிரையும் துவக்கும் வருகிற படம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி தேவையில்லை. யாரோ விற்ற பழைய வீடியோக் கமெரா ஒன்றை வாங்கிவந்து, தானே அப்படியொரு படம் எடுக்கப்போவதாக ஒருநாள் அறிவித்தார். கதை சுருக்கமானது. பாலைவன ஓரத்தில் ஒரு பட்டணம். நாலு இளம் கொள்ளைக்காரர் வந்து அட்டகாசம் பண்ணுகிறார்கள். சனம் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து சாகிறது. கடைசியில் ஒரு நேர்மையான பொலிஸ்காரர் வருகிறார். அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கொள்ளைக்காரருக்குப் பஞ்சமில்லை. அண்ணா, நான், மேல்மாடியில் இருந்த பெரியம்மாவின் இரண்டு பெடியன்கள். தொப்பிகள் ஸ்ட்ரோம்மன் கடையில் மலிவு விலைக்கு வந்தன. முகத்தை மூட அம்மாவின் சட்டைத்துணி. கையில் தண்ணீர்த் துவக்கு. சனத்துக்குத்தான் தட்டுப்பாடு. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். பெரியம்மா மட்டும், அடுப்பில் கறி இருக்கிறது, யன்னலைச் சாத்துகிற பெண்ணாக வேண்டுமென்றால் ஒருதரம் சாத்திவிடுகிறேன் என்றார். மிச்சப் பட்டணம் முழுவதும் மாமாதான். வங்கிக்காரராக ஒருதரம் செத்தார், கடைக்காரராக ஒருதரம் செத்தார், பிறகு தொப்பியை மாற்றிக்கொண்டு பொலிஸ்காரராக வந்து தன்னுடைய இரண்டு பிணங்களுக்காகவும் துக்கப்பட்டார். நாலு பேர் சேர்ந்து ஒரே மனுசனைத் திரும்பத் திரும்பக் கொள்ளையடித்தோம்.

அடுத்தது வண்டிக்கொள்ளை. பயணிகளோடு வருகிற வண்டியை மறித்துப் பெட்டியைப் பறிக்கவேண்டும். சனிக்கிழமை எடுப்போம் என்று மாமா வாக்குத் தந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமைதான் மாமாவைப் பார்க்கப் பெண் வீட்டார் பேர்கன் நகரத்திலிருந்து வந்தார்கள். இது எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆக்கள் கலியாணப் பேச்சு முற்றாகும்வரை மூச்சுவிடமாட்டார்கள். கண்ணூறு படும், யாராவது குழப்பிவிடுவார்கள் என்று பயம். பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்று என்பது அம்மாவின் கருத்து. மாமாவுக்கு முப்பத்தாறு வயது. முன்னர் மூன்று பேச்சு வந்து மூன்றும் குழம்பியிருந்தன. இதுவும் சரிவராவிட்டால் இனி இந்தக் கதையே எடுக்கவேண்டாம் என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். பெண் ஆஸ்பத்திரியில் தாதி. அவருக்கு இது இரண்டாவது கலியாணம். முதலாவது ஏன் முறிந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, அவர்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அதை மரியாதை என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டன.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். மாமா முகம் வழித்து, நீளக்கைச் சட்டை போட்டு, ஒருவரோடும் கதைக்காமல் யன்னலடியில் நிற்கிறார். பெரியம்மா வந்து ரோல்ஸ் பொரிக்கிறார். கேட்டால், "ஆக்கள் வருகினம், கீழ போய்ச் சத்தம் போடாமல் விளையாடுங்கோ" என்கிறார் அம்மா. அண்ணா இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தான். வண்டி வரப்போகிறது. மாமா யன்னலிலிருந்து எங்களுக்குத் தெரியாமல் படம் எடுக்கப்போகிறார். உண்மையான கொள்ளை போல இருக்கவேண்டும் என்றுதான் சொல்லாமல் விட்டிருக்கிறார். இவ்வளவு புத்தியுள்ள மாமா எங்களுக்கு வாய்த்ததில் பெருமையாக இருந்தது. துவக்குகளை நிரப்பிக்கொண்டு குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினோம்.

விருந்தினர் தரிப்பிடத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கோட் போட்ட ஐயா ஒருவர், பட்டுச்சேலை அம்மா ஒருவர், மெல்லிய உயரமான அன்ரி ஒருவர் இறங்கினார்கள். பட்டுச்சேலை அம்மாவின் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி. நாலு பக்கத்தாலும் பாய்ந்தோம்.

"கையைத் தூக்குங்கோ. பெட்டியைத் தாங்கோ," என்றான் அண்ணா. பெரியவர்களோடு மரியாதையாகக் கதைக்கவேண்டும் என்று வளர்த்திருந்தபடியால் கொள்ளையையும் மரியாதையாகத்தான் அடித்தோம்.

ஐயா கையிலிருந்த கார்த் திறப்போடு கையைத் தூக்கினார். பட்டுச்சேலையில் கொஞ்சம் தண்ணீர் பட்டது, அது பெரியம்மாவின் சின்னவனின் பதற்றம். அன்ரி மட்டும் எங்கள் நாலு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தாயின் கையிலிருந்த பெட்டியை வாங்கி என்னிடம் நீட்டினார். சைக்கிள் கொட்டகைக்குள் ஓடிப்போய்த் திறந்தோம். கிரீம் கேக், மேலே ஸ்ட்ரோபெரி. படத்துக்கு மாமா இவ்வளவு செலவு செய்திருக்கிறாரே என்று மனம் நெகிழ்ந்துபோனோம். உடனே தின்னத் தொடங்கினோம்.

மேலே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். வந்தவர்கள் கொள்ளையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள், அந்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கவேண்டும். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் காலடி வைத்ததும் பிள்ளைகளைக் குறை சொல்வது அழகா? எங்கள் பக்கத்திலோ, யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாத ஒரு சனத்தில், மூன்று பேர் ஆறு வெறுங்கையோடு வந்து இருக்கிறார்கள். அம்மா பெரியம்மாவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒண்டும் கொண்டு வரேல்லை. பிடிக்கேல்லை எண்டு முடிவெடுத்திட்டுத்தான் வந்திருக்கினம்."

அதன்பிறகு தேத்தண்ணி வந்தது, ரோல்ஸ் வரவில்லை. ரோல்ஸ் வராததை அவர்கள் கவனித்தார்கள். அப்பா மழையைப் பற்றிக் கதைத்தார். பேர்கன் ஐயாவும் மழையைப் பற்றிக் கதைத்தார், வருசம் முழுக்க மழை பெய்கிற ஊர், பேர்கன்காரருக்கு அதில் அனுபவம் அதிகம். மாமா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதும் கைவிட்டுப் போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் அங்கே இருந்து தோற்றுக்கொண்டிருந்தபோது நான் கீழே ஸ்ட்ரோபெரிக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரில் எதையோ விட்டுவிட்டேன் என்று சொல்லி அந்த அன்ரி கீழே இறங்கி வந்தார். நேரே சைக்கிள் கொட்டகைக்குள் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பழைய சில்லின்மேல் இருந்தார்.

"எனக்கும் ஒரு துண்டு தாங்கோ," என்றார்.

பயணி கொள்ளையரிடம் பங்கு கேட்பது கதையில் இல்லை. ஆனாலும் கொடுத்தோம். தின்றுகொண்டே எங்களை விசாரித்தார். நீங்கள் யாற்ற பிள்ளைகள், எத்தினையாம் வகுப்பு, மேல இருக்கிறவர் உங்களுக்கு என்ன முறை. பிறகு எல்லாக் கேள்வியும் மாமாவைப் பற்றித்தான் இருந்தது. மாமா எப்படிச் சாவார் என்று சின்னவன் தரையில் விழுந்து காட்டினான். அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். குடிப்பாரோ என்று கேட்டார். தேத்தண்ணி நிறையக் குடிப்பார் என்று உள்ளதைச் சொன்னேன்.

கடைசியில் மிச்சக் கேக்கை வடிவாகச் சரிக்கட்டிப் பெட்டியை மூடி மேலே கொண்டுபோய் எங்கள் அம்மாவின் கையில் கொடுத்தார். "காருக்குள்ள இருந்திட்டுது அக்கா. வழியில பசி தாங்கேலாமல் பாதியை நான் சாப்பிட்டிட்டன், குறை நினையாதேங்கோ," என்றாராம். அம்மாவின் முகம் வெளிச்சமானது. ரோல்ஸ் வந்தது, வடை வந்தது, சூடாக்கி இன்னொருதரம் ரோல்ஸ் வந்தது. ஐப்பசியில் கலியாணம். அந்த மெல்லிய உடம்புக்குள் அரைக் கேக் எப்படிப் போனது என்று அம்மா பலகாலம் யோசித்தார். மாமியாகிவிட்ட அன்ரியும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கலியாணத்தோடு மாமா பேர்கனுக்கு வேலை மாறிப் போய்விட்டார். எங்கள் படம் முடியவேயில்லை.

சைக்கிள் கொட்டகையில் நடந்த ஒன்றை மட்டும் நான் கனகாலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதில் சொல்ல ஏதும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. கேக்கை மூடுமுன், "மாமாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்?" என்று மாமி கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படி ஏதும் நினைவில்லை. பிறகு எனக்குக் கார்க் கண்ணாடி ஞாபகம் வந்தது. பனிக்காலத்தில் அண்ணா ஐஸ்கட்டி எறிந்து மாமாவின் புதுக்காரின் முன்கண்ணாடியை உடைத்திருந்தான்.

"என்ன செய்தவர்?"

"கீழ வந்து பாத்தவர். கை வெட்டினதோ எண்டு கேட்டவர்."

"பிறகு?"

"வெட்டேல்லை எண்டு அண்ணா சொன்னவன். நல்லா எறிஞ்சிருக்கிறாய் எண்டு மாமா சொன்னவர்."

"பிறகு? வீட்டுக்குள்ள போனாப்பிறகு, ஒருத்தரும் இல்லாத நேரம்?"

"தேத்தண்ணி குடிச்சவர்."

இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது. ஒரு காருக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே, பாவம் என்று நினைத்தேன். கிரீம் ஒட்டிய கையால் அவருடைய முழங்கையைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

"அழாதேங்கோ அன்ரி. அடுத்த கிழமையே புதுக்கண்ணாடி போட்டாச்சு. இப்ப பாத்தால் உடைஞ்சதெண்டே தெரியாது."