விசிட் பாஸில் வந்த கோல்கீப்பர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம், ஆண்டியப்பன் தான் பிறந்த தோட்டத்துக்கு விருந்தாளியாக வந்தான். பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது பாஸ்போர்ட்டில் குத்திக்கொடுத்த முத்திரையில் மூன்று மாதம் என்று இருந்தது. மலைமேல் தானா ராத்தா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துக்குத் திரும்பும் லாரியில் ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பையோடு வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. வீடு பூட்டியிருந்தது. அவன் மனைவி பாஞ்சாலை மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் அங்கிருந்து போனது ஆசைப்பட்டு அல்ல. அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவன். ஆனால் பிறப்புப் பத்திரம் அப்பன் காலத்திலேயே தொலைந்துபோயிருந்தது. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தபோது, தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவர்களில் ஐந்து பேருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. அவனும் அதில் ஒருவன். பாஞ்சாலையிடம் குடியுரிமைக்கான நீல அட்டை இருந்தது. அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

"நீங்க முன்னாடி போயி எடத்தப் பாருங்க. புள்ள பொறந்ததும் தூக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

பிள்ளை பிறந்து ஆறு நாள்தான் உயிரோடு இருந்தது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தபோது ஆண்டியப்பன் சிவகங்கைப் பக்கம், அதுவரை கண்ணால் பார்த்திராத தன் அப்பன் ஊரில், கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தான். கடிதத்தை மடித்து மடியில் சொருகிக்கொண்டு இருட்டும்வரை வெட்டினான். பிறகு பாஞ்சாலையின் தாய் படுக்கையில் விழுந்தாள். அவளைப் பார்த்துக்கொள்வதில் ஐந்து வருஷம் போனது. அந்தக் கிழவியும் போன பிறகு, "வா" என்று அவன் எழுதுவதும் "பார்க்கலாம்" என்று அவள் எழுதுவதுமாகக் கடிதங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் அவன் தானே போய் அழைத்துவருவது என்று முடிவு செய்தான்.

பாஞ்சாலை கூடையோடு இறங்கி வந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வந்துட்டீங்களா? சாயங்கால பஸ்ஸுன்னுல்ல நெனச்சேன்."

"காலையிலயே கெடச்சிருச்சு."

அவள் கதவைத் திறந்து, வெந்நீர் வைத்து, சோறு போட்டாள். வீட்டில் ஒரே ஒரு தட்டுத்தான் இருந்தது. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு தட்டு வாங்கி வந்ததை அவன் கவனித்தான்.

விசிட் பாஸில் வந்தவன் வேலை செய்யக்கூடாது. காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் லயமே காலியாகிவிடும். பேர் கூப்பிடுவதும், ஒவ்வொருவராகப் பதில் சொல்வதும் கீழே அவன் காதில் விழும். அவனும் நடக்கமாட்டாத கிழவர்களும் தொட்டில் பிள்ளைகளுமே மிச்சம். அப்பன் ஊரில் அப்போது கத்தரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இங்கே அவன் இரவல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைவரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தான். லயத்தில் எல்லாரும் அவனை "ஊர்க்காரரு" என்றார்கள். இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அதற்கு அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் கால் தானாகத் திடலுக்குப் போனது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய திடல். அதன் கிழக்கு ஓரத்தில் பந்து தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். தோட்டத்துக் காற்பந்துக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. லாரி ஓட்டும் சுப்பன்தான் தலைவன். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தான்.

"கோலி அண்ணன்தானே? பிரிஞ்சாங்ல ரெண்டு பெனால்டி புடிச்சீங்களே! நான் அப்ப கோலுக்குப் பின்னாடி மரத்து மேல ஒக்காந்திருந்தேன்!"

போவதற்கு முன் அவன்தான் அந்தக் குழுவின் கோல்கீப்பர். ஒன்பது வருஷத்தில் அவனைக் கோலி என்று கூப்பிட்ட முதல் ஆள் சுப்பன்தான். "அது பழைய கதைப்பா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளிலிருந்து குழுவுக்கு வேண்டியதெல்லாம் அவன் வேலையானது. சுண்ணாம்புக் கோடு போட்டான். ஜெர்சிகளைத் துவைத்து, தொழிற்சாலை பாய்லர் பக்கம் கொண்டுபோய் உலர்த்தினான். ஆட்டத்தின்போது கிழக்குச் சரிவில் இறங்கி நின்று பந்தை மறித்தான். தோட்டங்களுக்கிடையிலான கோப்பைக்குப் போட்டி நடந்த வருஷம் அது. திரிங்காப்பில் ஆட்டம் என்றால் காய்கறி லாரியின் பின்னால் நின்று போனான். குழு ஜெயித்தால் குரல் போகக் கத்தினான். வீட்டுக்கு வந்து ஆட்டத்தைச் சொல்லுவான். பாஞ்சாலை கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

"ஒருநாள் வந்து பாரேன்."

"எனக்கென்ன பந்து தெரியும்? ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் துணி தொவைக்கக் கெடைக்குது."

ஆனால் ஆனி மாதத்தில் அரையிறுதி ஆட்டம் சொந்தத் திடலிலேயே நடந்தபோது அவள் வந்தாள். மாரியம்மன் கோயில் மதிலோரம் பெண்களோடு நின்றாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. அவன் சரிவில் நின்றிருந்தான்.

ஒன்றுக்கொன்று என்று ஆட்டம் இழுபறியாக இருந்தபோது கோல்கீப்பர் சாம்பசிவம் கோல் கம்பத்தில் மோதி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாற்று ஆள் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். சுப்பன் சரிவின் ஓரத்துக்கு ஓடிவந்து கீழே பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, மேல வாங்க! ஜெர்சிய மாட்டுங்க!"

"டேய், நான் ஊர்க்காரன்டா. முப்பத்தொம்பது வயசாகுது."

"எந்த ஊரு? போங்க லா, மாட்டுங்க!"

மாட்டினான். இருபத்தைந்து நிமிஷம் நின்றான். பனிமூட்டம் திடலுக்குள் இறங்கி, நடுக்கோட்டுக்கு அப்பால் ஆள் யாரென்று தெரியாமல் போனது. சத்தத்தை வைத்தே இரண்டு பந்துகளைத் தட்டினான். மூன்றாவது பந்து தரையை ஒட்டி இடதுபக்கம் வந்தது. பாய்ந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். தோள் பிசகிவிட்டதோ என்று பயம். அப்போது மதில் பக்கமிருந்து ஒரு பெண்குரல் எல்லாச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"எந்திரிங்க! ஏங்க, எந்திரிச்சிருங்க!"

எழுந்தான். கடைசி நேரத்தில் சுப்பன் ஒரு கோல் போட, ஆட்டம் முடிந்தது. பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை கோடாலித் தைலத்தை அவன் தோளில் தேய்த்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் கை அவன்மேல் பட்டது அன்றுதான். வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"பாப்பா மொகம் ஒங்க சாடைதான். ஒங்ககிட்ட எழுதல. எழுத வரல."

முதுகு குலுங்கியதை அவள் கைதான் அறிந்தது.

"நானும் வந்து பாக்கட்டுமா? ஊருக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் இருவரும் தானா ராத்தாவுக்குப் போய், அவள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். பாரத்தை நிரப்பித் தரும்படி தோட்டத்து எழுத்தரான கிராணி அமிர்தலிங்கத்திடம் கொடுத்தார்கள். வரும் வழியில் அவள் ஒரு தட்டு வாங்கினாள். அவனே அதைக் கையில் வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை கிராணி ஆபீஸுக்குச் சுப்பனையும் ஆண்டியப்பனையும் கூப்பிட்டு அனுப்பினார். தோற்ற தோட்டம் புகார் கொடுத்திருந்தது. தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் பேர் உள்ளவர்கள் மட்டுமே விளையாடலாம் என்பது கோப்பை விதி. போட்டியை நடத்தும் குழு வெற்றியை ரத்து செய்து, எதிரணியை இறுதியாட்டத்துக்கு அனுப்பிவிட்டது. கடிதம் மலாய் மொழியில் இருந்தது. அமிர்தலிங்கம் மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "ஓராங் ஆசிங்" என்று படித்தார். அந்நியன் என்று அர்த்தம். அங்கேயே பிறந்து முப்பது வருஷம் மலாய் பேசிய ஆண்டியப்பனுக்கு அதை யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நாங்கதானே அண்ணே ஒங்கள எறக்குனோம். ஒங்க மேல ஒண்ணுமில்ல" என்றான் சுப்பன். ஆனால் குழாயடியில் ஒருவன், "ஊர்க்காரரப் போட்டா இப்படித்தான் ஆகும். ஒரு வருஷப் பாடு போச்சு" என்று சொன்னது, குடத்தோடு பின்னால் நின்ற ஆண்டியப்பன் காதில் விழுந்தது. அவன் நிரப்பாத குடத்தோடு திரும்பி வந்தான்.

பாஸ் முடிய ஒன்பது நாள் மிச்சமிருந்தன. அவன் திடல் பக்கம் போகவில்லை. பிடுங்கிப் போட்டிருந்த பழைய தேயிலைத் தூர்களைச் சுமந்துவந்து விறகாக்கினான். காலையிலிருந்து மாலைவரை கோடாலிச் சத்தம் கேட்டது. கூரை எட்டும்வரை அடுக்கினான். மூன்றாம் நாள் பாஞ்சாலை கேட்டாள்:

"நான்தான் வரேன்னு சொன்னேன்ல? யாருக்கு இவ்வளவு வெறகு?"

அவன் கோடாலியைக் கீழே வைத்தான்.

"நீ வர வேணாம் புள்ள."

"ஏன்?"

"இங்க காலையில ஒன் பேரக் கூப்புடுறாங்க. நீ இருக்கேன்னு சொல்ற. அங்க வந்தா ஒன் பேரு யாருக்குத் தெரியும்? மலாய்க்காரி வந்திருக்கான்னு வேடிக்க பாப்பாங்க. ஒம்பது வருஷமா எனக்கு அதான். நெனச்சா இங்க திரும்பி வரலாம்னு ஒனக்குத் தோணும். வந்தா, இவங்களும் ஒனக்கு ஒரு பாஸக் குடுத்து நாள எண்ணச் சொன்னா? ரெண்டு பேரும் நடுவுல நிக்கணுமா?"

"ஒண்ணா நிக்கலாம்ல?" என்றாள். சொன்ன பிறகு முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று அவன் சொன்னதும் தன் மனசுக்குள் எங்கோ ஒரு மூச்சு நிம்மதியாக இறங்கியதை அவள் உணர்ந்திருந்தாள். அதை அவன் பார்த்துவிட்டானோ என்றுதான் பொத்தினாள். அவன் பார்த்திருந்தான். அதனால் மறுபடி கோடாலியை எடுத்துக்கொண்டான்.

சுப்பன்தான் லாரியில் அவனைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனான். பாஞ்சாலை அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த சித்திரைக்கு வாங்க."

"வரேன்."

மறுபடி வர இரண்டு முறை அனுமதி கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் அந்த ஆவணியில் வந்தது. டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் குழு எப்படி ஆடுகிறது என்று ஒரு வரி கேட்டிருப்பான். அவள் சுப்பனிடம் விசாரித்து எழுதுவாள்.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், அவன் சித்தப்பா மகன் கையெழுத்தில் கடிதம் வந்தது. ஆண்டியப்பனுக்கு மஞ்சள் காமாலை. எல்லாம் முடிந்து பதினெட்டு நாளாகியிருந்தது. இராசம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரியும் இன்னும் இரண்டு பெண்களும் பாஞ்சாலையை ஓடைக்கு அழைத்துப்போய்ச் செய்யவேண்டியதைச் செய்தார்கள். தோட்டத்தில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். அவள் ஒரு நாள்தான் எடுத்தாள்.

அந்த ஞாயிறு ஆட்டத்துக்குச் சுப்பன் எல்லார் கையிலும் கறுப்புத் துணி கட்டினான். புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டான்: "யாருக்கு அண்ணே இது?"

"நம்ம கோல்கீப்பருக்கு."

"எந்தத் தோட்டத்து ஆளு?"

"இந்தத் தோட்டம்தான்டா" என்று சொல்லிவிட்டுச் சுப்பன் திடலுக்குள் ஓடினான்.

பாஞ்சாலை போகவில்லை. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திடலில் கூச்சல் எழும்போதெல்லாம் கை நின்றது. கோலா, தவறிப்போனதா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு பனி இறங்கிவிட்டது.