ஏறினால் சுவர்

இது நடந்தது. நம்பாதவர்கள் பாகூரிலிருந்து பனித்திட்டு போகும் வழியில் போய்ப் பார்க்கலாம். ரோட்டோரம் ஒரு கான்கிரீட் வீடு. முன்னால் படிகள். ஏறினால் சுவர்தான். கிழக்கே ஒரு கதவு உண்டு. அதன் பூட்டு துருப்பிடித்துவிட்டது.

இளவரசி அங்கே குடிவந்தபோது படிக்கு நேராக வாசல் இருந்தது. பழைய மண் வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் கட்டியது. மண் வீடு கிழக்கே பார்த்தது. ரோடு வடக்கே இருந்ததால் புது வாசலை வடக்கே வைத்துக்கொண்டார்கள். கணவன் தமிழ்க்குமரன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவான். மாமியார் கலியம்மாள் களை எடுக்கப் போய்விடுவாள். பகல் முழுக்க இளவரசியும் கைப்பிள்ளையும்தான்.

ஓர் உச்சி வேளை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பிள்ளை தூளியில் தூங்கியது. வாசல் திரைச்சீலை மட்டும் உள்பக்கமாகப் புடைத்தது. முழுதாக அல்ல. இடுப்புக்குக் கீழே மட்டும்... யாரோ குனிந்து நுழைவதுபோல.

ஏழடி வாசலில் யார் குனிய வேண்டும்?

பிறகு ஒரு வாசனை. குழைத்த ஈர மண். சிமெண்டு வீட்டில் இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கிரீச்... கிரீச்...

தூளி ஆடியது. பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாளும் அதே வேளை. அதற்கடுத்த நாளும். பிள்ளை பால் குடிப்பதை விட்டது. கால் ஐஸாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள்.

இளவரசி அழவில்லை. மாமியாருக்குச் சோறு போடும்போது சொன்னாள், கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல.

கலியம்மாளின் கை சோற்றிலேயே நின்றது. "குனிஞ்சா வந்துது?"

"ஆமா அத்த."

கலியம்மாள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எம் பொண்ணு உஷாராணி, அதான் உன் நாத்தனா... அது செத்தது அவிட்ட நச்சத்திரத்துலடி. அடைப்பு நாளு. அப்பிடி செத்தா வாசல் வழியா தூக்கக் கூடாது. பழைய மண்ணு வூட்டு செவுத்துல ஓட்ட போட்டு, குனிஞ்சிதான் வெளிய எடுத்தோம். அன்னிக்கே மண்ணு கொழச்சி மூடிட்டோம். போன வழியத் தேடி வரும். செவுறா இருக்கும். திரும்பிடும்."

"எந்தச் செவுறு?"

கலியம்மாள் வடக்கே, வாசல் திரைச்சீலையைப் பார்த்தாள்.

"அதுக்கு கொழந்தைங்கன்னா உசுரு," என்றாள். "வரவும் போவவும் அந்த ஒரு வழிதாண்டி தெரியும். வேற தெரியாது."

மறுநாள் கொத்தனார் மாரிமுத்து வந்தார். கிழக்குச் சுவரில் ஆள் நுழைய வழி இடித்தார். பிறகு வடக்கே படியில் நின்று, வாசலில் செங்கல் அடுக்கத் தொடங்கினார்.

"இன்னாம்மா, புது வூட்டு வாசல அடைக்கிற மொத ஆளு நீங்கதான். கடன்காரன் தொல்லையா?"

கலியம்மாள் அடுத்த செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

கல் மேல் கல் ஏறியது. வெயில் உச்சிக்கு வந்தது. இளவரசி அவருக்குப் பின்னால் நின்றாள். அவள் காலடியில் நிழலே இல்லை.

கடைசிக் கல்.

பூச்சுக் கரண்டி நின்றது. மாரிமுத்து சுவரில் காதை வைத்தார்.

"உள்ள தூளி ஆடுது," என்றார், திரும்பாமலே. "கொழந்த எழுந்துடுச்சி போல. போயி பாரும்மா."

பிள்ளை இளவரசியின் இடுப்பில் இருந்தது.